தாளம் பிடிப்பவர் யார்?
சிறு மின்வலையில் இன்வெர்ட்டரின் பணி

கூரைமேல் கதிரவத் தகடு பொருத்திய வீடுகள் நம் நாட்டில் பெருகி வருகின்றன. பொருத்தியவர்களுள் பலர் பின்னர் ஒரு நாள் பெரிதும் வியப்படைகின்றனர். நண்பகல், வெயில் கொளுத்துகிறது. எங்கோ ஒரு மின்கம்பி அறுந்து தெரு முழுவதும் மின்சாரம் நின்றுவிடுகிறது. கூரைமேல் உள்ள தகடோ கதிரவனைப் பார்த்தபடியே இருக்கிறது. ஆயினும் அவ்வீட்டு மின்விசிறியும் தெருவோடு சேர்ந்து நின்றுவிடுகிறது! “வெயிலுக்கு என்ன குறை வந்தது?” என்று வீட்டுக்காரர் கேட்கிறார். கருவி பழுது என்று எண்ணிக் கடைக்காரரை அழைப்போரும் உளர்.

பழுது அன்று. அக்கருவி அவ்வாறு நிற்கவேண்டும் என்றே செய்யப்பட்டது. ஏன் நிற்கவேண்டும், நிற்காமல் தனித்து நடக்கவேண்டுமாயின் அதற்கு என்ன கற்பிக்கவேண்டும் என்பதை ஈண்டுக் காண்போம். மேல் வகுப்பு மாணவருக்கு இதனை விளக்க விரும்பும் ஆசிரியர்க்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் இரண்டொரு சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். தகட்டிலிருந்தும் மின்கலத்திலிருந்தும் வருவது நேர்திசை மின்னோட்டம். ஒரே பக்கமாக ஓடுவது. நம் வீட்டுச் சுவரில் வருவது மாறுதிசை மின்னோட்டம்; முன்னும் பின்னுமாக நொடிக்கு 50 முறை சுழல்வது. இந்த எண்ணிக்கையையே அதிர்வெண் என்கிறோம். அதன் அலகு ஹெர்ட்ஸ். முன்னதைப் பின்னதாக மாற்றுவது இன்வெர்ட்டர். இதற்கு நல்ல தமிழ்ப் பெயர்கள் சில முன்மொழியப்பட்டுள்ளன எனினும், மக்கள் நாவில் நிலைத்துவிட்ட பெயரையே இங்கு ஆள்கின்றேன். அதனுள் சுழலும் உறுப்பு ஒன்றும் இல்லை. குறைக்கடத்திச் சாவிகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, குறுகியதும் அகன்றதுமான மின்துடிப்புகளை வரிசையாக விடுகின்றன. கம்பிச்சுருள் ஒன்று அவற்றை மழுக்கி வழவழப்பான அலையாக்குகிறது. எந்தச் சாவி எப்பொழுது திறக்கவேண்டும் என்பதைச் சிறு கணிப்பொறி ஒன்று முடிவு செய்கிறது. ஆகவே இன்வெர்ட்டர் எப்படி நடந்துகொள்கிறது என்பது இரும்பிலும் செம்பிலும் இல்லை. அதற்கு எழுதிக் கொடுத்த கட்டளையில் இருக்கிறது. நம் கட்டுரைப் பொருள் அக்கட்டளையே.

தைப்பூசக் காவடியில் உறுமி மேளக் குழுவைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் தாளத்தைப் பிடித்துக் கொடுக்க, மற்றவர் அதனைக் காதில் வாங்கித் தத்தம் அடியைச் சேர்க்கின்றனர். நாடு தழுவிய பெரிய மின்வலையில் தாளம் பிடிப்பவை மின் நிலையங்களில் சுழலும் மாபெரும் மின்னாக்கிகள். நம் கூரை இன்வெர்ட்டரோ பின்னால் நின்று சேர்ந்து அடிப்பவர் போன்றது. வலையின் மின்னழுத்த அலையை ஓயாமல் உற்று நோக்கி, அதன் ஏற்ற இறக்கத்தோடு தன்னைப் பூட்டிக்கொண்டு, அதற்கு இசைவாக மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. இவ்வகையை ‘வலையைப் பின்பற்றும் இன்வெர்ட்டர்’ எனலாம். இன்று கூரைகளில் உள்ளவற்றுள் மிகப் பெரும்பாலானவை இவையே. விலை குறைவு, கிடைக்கும் வெயிலை வீணாக்காமல் வலையில் சேர்த்துவிடும், வலை உறுதியாக இருக்கும்வரை மிக நன்றாக உழைக்கும். ஆனால் தாளம் நின்றால் இதற்கு அடிக்கத் தெரியாது.

தாளம் தவறாகக் காதில் விழுந்தாலும் கேடுதான். 2016-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் கலிபோர்னியாவின் தென்பகுதியில் காட்டுத்தீ ஒன்று பெரு மின்தொடர்களின் அருகே பரவியது. தீயினால் தொடர்களில் குறுக்குச் சுற்று நிகழ்ந்து, மின்னழுத்த அலை ஒரு கணம் சிதைந்தது. அங்கே அதிர்வெண் 60. சிதைந்த அலையை அளந்த இன்வெர்ட்டர்கள் பல, அதிர்வெண் 57-க்கும் கீழே போய்விட்டதென்று தவறாகக் கணித்து உடனே விலகிக்கொண்டன. உண்மையில் வலையின் அதிர்வெண் 57-க்கு அருகேகூடச் செல்லவில்லை. இவ்வகையில் மட்டும் ஏறத்தாழ 700 மெகாவாட்டும், அன்று மொத்தத்தில் ஏறத்தாழ 1,200 மெகாவாட்டும் கதிரவ மின்சாரம் நொடிப் பொழுதில் இழக்கப்பட்டன. எந்தக் கருவியும் உடையவில்லை. காது மட்டும் தவறியது. அதன்பின், அலை ஒரு கணம் சிதைந்ததும் முடிவெடுக்காமல் சற்றுப் பொறுத்து அளக்குமாறு கட்டளையைத் திருத்தினர்.

இனி, தெருவில் மின்சாரம் நின்றால் கூரை மின்சாரமும் ஏன் நிற்கவேண்டும் என்ற வினாவுக்கு வருவோம். அறுந்த கம்பியைச் சரிசெய்ய ஊழியர் ஒருவர் கம்பத்தில் ஏறுகிறார். வலையில் மின்சாரம் இல்லை என்பது அவர் நம்பிக்கை. அப்பொழுது ஒரு வீட்டுக் கூரை தெருக்கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால் அவர் கதி என்னாகும்? மேலும், வலை மீண்டும் உயிர்பெறும் கணத்தில் இரண்டு அலைகளும் முரண்பட்டு நின்றால் கருவிகள் அடிபடும். ஆகையால், வலையிலிருந்து தற்செயலாகத் துண்டுபட்ட பகுதிக்கு இன்வெர்ட்டர் மின்சாரம் ஊட்டலாகாது என்பது விதி. இத்தகைய துண்டுக்குப் பொறியியலார் இட்ட பெயர் ‘தீவு’. தீவு உருவானால் 2 நொடிக்குள் நின்றுவிடவேண்டும் என்று அமெரிக்க மின்பொறியியல் தர விதி கூறுகிறது.

தான் தீவில் அகப்பட்டதை இன்வெர்ட்டர் எவ்வாறு அறியும்? இதில் ஓர் அழகிய உத்தி உண்டு. அது இடையிடையே அதிர்வெண்ணை மிக மெல்லத் தள்ளிப் பார்க்கும். பெரிய வலை இருந்தால் அத்தள்ளலுக்கு அசையாது. வலை போய்விட்டிருந்தால் அதிர்வெண் தள்ளிய பக்கமே வழுக்கிச் செல்லும். சுவர் இருக்கிறதா என்று இருட்டில் கைநீட்டிப் பார்ப்பதைப் போன்றது இது. கை வெற்றிடத்தில் நீண்டால், நின்றுவிடு!

இது தற்செயலாக உருவாகும் தீவு. நாமே விரும்பி அமைக்கும் தீவு வேறு. ஒரு சிற்றூர், ஒரு மருத்துவமனை, ஓர் உட்பகுதிப் பள்ளி ஆகியவை தமக்கென மின்னாக்கியும் மின்கலமும் கொண்டு, வேண்டும்போது பெரிய வலையோடு சேர்ந்தும் வேண்டாதபோது எல்லையில் உள்ள சாவியைத் திறந்து தனித்தும் வாழலாம். இதுவே சிறு மின்வலை. எல்லைச் சாவி திறந்திருப்பதால் தெருக்கம்பிக்கு மின்சாரம் போகாது. கம்பத்தில் ஏறியவருக்குத் தீங்கில்லை. ஆனால் உள்ளே இருப்பவை எல்லாம் பின்பற்றும் இன்வெர்ட்டர்களே ஆயின், யாரும் தொடங்காத தாளத்துக்காக எல்லாரும் காத்திருப்பார்கள். ஒருவராவது எழுந்து தாளம் பிடித்தாக வேண்டும். அவ்வாறு, பிறரை நோக்காமல் தானே 230 வோல்ட் அழுத்தத்தையும் 50 சுழற்சியையும் உண்டாக்கி நிறுத்துவதே ‘வலையை அமைக்கும் இன்வெர்ட்டர்’. எவ்வளவு மின்னோட்டம் தேவையோ அவ்வளவையும் அது கொடுக்கவேண்டும். கூடினாலும் குறைந்தாலும் அழுத்தம் அசையலாகாது. வெயிலை மட்டும் நம்பி இப்பொறுப்பை ஏற்க இயலாது. ஆகவே இதன் பின்னால் பெரும்பாலும் ஒரு மின்கலம் இருக்கும்.

ஒருவர் தாளம் பிடித்தால் போதும் என்றால் கதை இங்கே முடிந்துவிடும். அந்த ஒருவர் பழுதானால் தீவு முழுவதும் இருளடையும். எனவே இரண்டு மூன்று பேர் சேர்ந்து வலையை அமைக்கவேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. அங்கேதான் உண்மையான சிக்கல் தோன்றுகிறது. இருவரும் ‘நான் சொல்லும் தாளமே தாளம்’ என்று நின்றால் சுமையை யார் எவ்வளவு தாங்குவது? ஒன்று முழுச் சுமையையும் ஏற்றுத் துவளும். மற்றொன்று சும்மா இருக்கும். சில வேளை ஒன்றின் மின்சாரம் மற்றொன்றுக்குள்ளேயே பாயும். ஒன்றோடொன்று பேசிக்கொள்ளச் செய்தித் தொடர்பு அமைக்கலாம். அத்தொடர்பு அறுந்தால்?

பேசாமலே பங்கிட்டுக்கொள்ளும் வழி பழைய இஞ்சின்களுக்குத் தெரிந்திருந்தது. தோட்டங்களில் லயங்களுக்கு இஞ்சின் வைத்து மின்சாரம் கொடுத்த காலத்தை நினைவுகூர்வோர் இவ்வேட்டின் வாசகருள் பலர் இருப்பீர்கள். சுமை ஏறும்போது இஞ்சினின் ஓசை சற்றுக் கனத்து, வேகம் சிறிது தணியும். வேகம் தணிந்ததை உணர்ந்து, ‘கவர்னர்’ என்று பணிமனையில் சொல்லப்படும் கருவி எண்ணெயைக் கூட்டும். சுமைக்குத் தக்கபடி வேகம் சிறிதே சாய்வதை நாம் ஒரு குறையாகவே கருதியிருப்போம். உண்மையில் அது குறையன்று. இரண்டு இஞ்சின்கள் ஒரே கம்பியில் ஒற்றுமையாக உழைப்பதற்கு அச்சாய்வே காரணம். இன்வெர்ட்டருக்கு வேகமும் இல்லை, கவர்னரும் இல்லை. ஆனால் கட்டளை எழுதலாம் அல்லவா? ‘உன்மேல் சுமை ஏற ஏற, நீ உண்டாக்கும் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாகத் தாழ்த்து’ என்பதே அக்கட்டளை. தனித்தியங்கும் மின்வலையில் இன்வெர்ட்டர்கள் இவ்வாறு சுமை பகிர்வதைச் சந்தோர்கர், திவான், அடப்பா என்னும் மூவர் 1993-ஆம் ஆண்டில் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். இதனைச் சாய்வு முறை என்போம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். கரும்பலகையில் எழுதத் தக்க கணக்கு இது. ஒரு சிறு மின்வலையில் 10 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்று, 5 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்று. இரண்டுக்கும் ஒரே விதி: சுமையே இல்லாதபோது 50 ஹெர்ட்ஸ், முழுச் சுமையில் 49.5 ஹெர்ட்ஸ். ஊருக்கு 9 கிலோவாட் தேவை. ஒரே கம்பியில் இணைந்திருப்பதால் இரண்டின் அதிர்வெண்ணும் ஒன்றாகவே நிலைபெறவேண்டும். அதிர்வெண் 0.5 குறைந்தால் இரண்டும் சேர்ந்து 15 கிலோவாட் கொடுக்கும். 9 கிலோவாட் கொடுக்க 0.3 குறைந்தால் போதும். எனவே வலை 49.7-இல் நிற்கிறது; பெரியது 6, சிறியது 3 கிலோவாட் தருகின்றன. தேவை 12 ஆக உயர்ந்தால் அதிர்வெண் 49.6 ஆகும், பங்கு 8-உம் 4-உம் ஆகும். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. யாரும் தலைவர் இல்லை. எனினும் அவரவர் வலிமைக்கு ஏற்ற பங்கு அவரவர்மேல் விழுந்துவிடுகிறது. சிறியது பழுதானால் பெரியது தன் ஆற்றலுக்கு உட்பட்டவரை தொடர்ந்து உழைக்கும். மின்பொறியியலில் நான் கற்றவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது இதுவே.

எல்லாம் இவ்வளவு எளிதில் முடிந்துவிடுவதில்லை. மின்விசிறி, நீரேற்றி போன்றவற்றின் சுருள்கள் காந்தப் புலத்தை அமைக்கவும் கலைக்கவும் ஒரு பகுதி ஆற்றலை வாங்குவதும் திருப்புவதுமாக இருக்கும். வேலை செய்யாமல் ஊசலாடும் அத்திறனையும் இன்வெர்ட்டர்கள் பகிர்ந்துகொள்ளவேண்டும். அதற்கு அதிர்வெண்ணுக்கு மாறாக மின்னழுத்தத்தைச் சாய்க்கின்றனர். ஆனால் அதிர்வெண் வலை முழுவதும் ஒன்றே; அழுத்தமோ கம்பியின் நீளத்துக்கு ஏற்ப இடத்துக்கு இடம் வேறுபடும். ஆதலின் இப்பங்கீடு முன்னதைப்போல் துல்லியமாக அமைவதில்லை. சிற்றூரின் மெல்லிய கம்பிகளில் மின்தடை மிகுதி என்பது மற்றொரு தொல்லை. கம்பியில் இல்லாத சுருள் ஒன்று இருப்பதாகப் பாவித்து நடக்கும்படி இன்வெர்ட்டருக்குக் கட்டளை எழுதி இதனைச் சமாளிக்கின்றனர்.

அதிர்வெண் 49.7-இலேயே நிற்கலாமா என்ற ஐயமும் எழும். விளக்குக்கு அதனால் கேடில்லை. ஆனால் மின்வலையின் சுழற்சியை எண்ணி ஓடும் பழைய சுவர்க்கடிகாரம் நாளொன்றுக்கு 8 நிமிடத்துக்கு மேல் பிந்திவிடும்! ஆகவே முதல் தட்டுக் கட்டுப்பாடு விரைந்து பங்கிட்டு முடித்தபின், இரண்டாம் தட்டுக் கட்டுப்பாடு நிதானமாக வந்து எல்லாருடைய சாய்வுக் கோட்டையும் சமமாக உயர்த்தி 50-க்குக் கொண்டுவருகிறது. மூன்றாம் தட்டு ஒன்றும் உண்டு. எப்பொழுது டீசலை எரிப்பது, எப்பொழுது மின்கலத்தை நிரப்புவது என்னும் செலவுக் கணக்கு அதற்கு உரியது. முதல் தட்டு மட்டும் யாருடைய செய்திக்கும் காத்திராமல் இயங்கவேண்டும். இதனை மறந்து அமைத்த வலை, செய்திக்கம்பி அறுந்த அன்றே விழுந்துவிடும்.

அதிர்வெண்ணே செய்தியாகவும் பயன்படும். தீவில் நண்பகல், மின்கலம் நிறைந்துவிட்டது, கதிரவத் தகடுகளோ மேன்மேலும் கொட்டுகின்றன. எங்கே வைப்பது? வலையை அமைக்கும் இன்வெர்ட்டர் வேண்டுமென்றே அதிர்வெண்ணை 50-க்குமேல் சிறிது உயர்த்துகிறது. கூரை இன்வெர்ட்டர்கள் அதனைக் கண்டு தத்தம் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கின்றன. இங்கே ‘சிறிது சிறிதாக’ என்பது முக்கியம். செருமனியில் ஒரு காலத்தில் அதிர்வெண் 50.2-ஐத் தொட்டதும் கூரை இன்வெர்ட்டர்கள் ஒருசேர நின்றுவிடவேண்டும் என்று விதி இருந்தது. தகடுகள் சிலவாக இருந்தபோது அது பொருந்தியது. அவை பெருகியபின், எல்லாம் ஒரே கணத்தில் நின்றால் ஐரோப்பிய வலையே தடுமாறும் என்பது புலனாயிற்று. 2012-ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்து, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட நிலையங்களைத் திருத்த நேர்ந்தது. ஒரே வரியில் எழுதிய கட்டளைக்கு எவ்வளவு பெரிய திருத்தம்!

தீவில் கற்ற பாடம் பெருநிலத்துக்கும் வேண்டியதாயிற்று. மின் நிலையத்தின் சுழலி நூற்றுக்கணக்கான டன் எடையோடு சுழல்வதால், திடீர்ச் சுமை வந்தாலும் அதன் வேகம் உடனே வீழ்ந்துவிடாது. இப்பண்பே நிலைமம். சுழலும் உறுப்பில்லாத இன்வெர்ட்டருக்கு அது இயல்பாக இல்லை. சுழலிகள் குறைந்து இன்வெர்ட்டர்கள் மிகுந்த வலையில் அதிர்வெண் மிக விரைவில் சரியும். 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மாலை தென் ஆஸ்திரேலியாவில் கடும்புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தது. இரண்டு நிமிடத்துக்குள் அழுத்தம் பலமுறை தாழ்ந்து எழுந்தது. இத்தனை முறைக்குமேல் தாழ்ந்தால் விலகு என்று காற்றாலைகள் பலவற்றின் கட்டுப்பாட்டில் எழுதியிருந்தது. வலையை இயக்குவோர் அதனை அறிந்திருக்கவில்லை. 456 மெகாவாட் விலகியது. அச்சுமை முழுதும் அண்டை மாநிலத்தொடர்மேல் பாய்ந்து அதுவும் அறுந்தது. அதிர்வெண் வீழ்ந்த விரைவில், சுமையைப் பகுதி பகுதியாக வெட்டிக் காக்கும் ஏற்பாட்டுக்கு நேரமே கிடைக்கவில்லை. ஏறத்தாழ 8,50,000 வாடிக்கையாளர் இருளில் மூழ்கினர். காற்றாலைமேல் குற்றம் சாட்டி அரசியலார் பேசினர். என் எண்ணத்தில், குற்றம் காற்றிலும் இல்லை, ஆலையிலும் இல்லை. ஒருவரும் படித்துப் பாராத ஒரு கட்டளை வரியில் இருந்தது. அவ்வரி பின்னர் மாற்றப்பட்டது.

அதே மாநிலத்தில், அடிலெய்டுக்கு மேற்கே நீண்டுள்ள யார்க் தீபகற்பத்தில், டால்ரிம்பிள் என்னும் துணைமின் நிலையத்தருகே 2018-இல் 30 மெகாவாட் மின்கலம் ஒன்று வலையை அமைக்கும் இன்வெர்ட்டர்களோடு நிறுவப்பட்டது. அதில் சேமிக்கத் தக்கது 8 மெகாவாட் மணி. அதாவது முழு வலிமையில் 16 நிமிடத்துக்கே போதும். இவ்வளவு சிறிய கலம் என்ன செய்யும் எனலாம். பெரிய வலையோடுள்ள தொடர்பு அறுந்தால், அது அந்தக் கணமே தாளத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. அருகிலுள்ள 91 மெகாவாட் வாட்டில் பாயிண்ட் காற்றாலையும், ஊரின் கூரைத் தகடுகளும் அத்தாளத்தைப் பின்பற்றி ஆற்றலை ஊட்டுகின்றன. கலத்தின் வேலை சுமை முழுவதையும் சுமப்பதன்று. கூடுதல் குறைவைச் சரிசெய்து சுழற்சியைக் காப்பதே. இணைந்திருக்கும்போதும் தனித்திருக்கும்போதும் அதன் கட்டளை ஒன்றே என்பதனால், ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு மாறும்போது தடுமாற்றம் இல்லை. சுழலியைப் போலவே நடிக்கும்படி இன்வெர்ட்டருக்குக் கற்பிக்கலாம் என்று செருமனியின் கிளௌஸ்தால் பல்கலைக்கழகத்தில் பெக், ஹெஸ்ஸே என்பார் 2007-இல் காட்டியிருந்தனர். அக்கருத்தின் கிளைகளே இவை. நிலைமம் நடிப்பாயினும் அதற்கு வேண்டிய ஆற்றல் நடிப்பன்று. அது மின்கலத்திலிருந்து வந்தாகவேண்டும்.

பிரிவதைவிட மீண்டும் சேர்வது நுட்பமானது. அழுத்தம், அதிர்வெண், அலையின் கட்டம் ஆகிய மூன்றும் இரு பக்கத்திலும் ஒத்திருக்கும் கணத்தில்தான் எல்லைச் சாவியை மூடலாம். சற்றே வேறுபட்ட வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்களின் முட்கள் எப்பொழுதாவது ஒரு கணம் ஒத்து நிற்கும். தீவின் அதிர்வெண்ணை மயிரிழை வேறுபாட்டில் வைத்து, முட்கள் சந்திக்கும் கணத்துக்காகக் கருவி காத்திருக்கிறது.

இன்வெர்ட்டரின் பெருங்குறை ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. குறுக்குச் சுற்று நேர்ந்தால் சுழலி தன் அளவைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தைச் சிறிது நேரம் பாய்ச்சும். அதனால் உருகிகள் உருகிப் பழுதான பகுதி துண்டிக்கப்படும். இன்வெர்ட்டரின் குறைக்கடத்திகளோ தம் அளவுக்குச் சற்றுமேல் போனாலே எரிந்துவிடும். ஆகவே தன்னைக் காத்துக்கொள்ள ஓட்டத்தை அது அடக்கிக்கொள்கிறது. விளைவு? பழுது இருக்கிறது, உருகி உருகவில்லை. தனித்தியங்கும் வலைக்கு வேறு வகைக் காவல் கருவிகளை அமைப்பது இன்றும் ஆராய்ச்சிக்கு உரியதாகவே உள்ளது.

இவை தொலைநாட்டுச் செய்திகள் மட்டும் அல்ல. கடலடிக் கம்பி போடுவது கட்டுபடியாகாமையால் வீட்டுக்கு வீடு டீசல் மின்னாக்கி ஓடிய புலாவ் உபினில், படகுத்துறைப் பகுதிக்குச் சிங்கப்பூரின் எரிசக்திச் சந்தை ஆணையம் 2013-இல் சோதனைச் சிறு மின்வலை ஒன்றை அமைத்தது. சரவாக்கின் உட்பகுதி நீள்வீடுகளுக்குக் கதிரவத் தகடும் மின்கலமும் கொண்ட தனி அமைப்புகள் 2016 முதல் கொடுக்கப்பட்டு வருகின்றன. அங்கெல்லாம் பின்பற்றுவதற்குத் தெருக்கம்பியே இல்லை.

நம் வீட்டுக்கோ பள்ளிக்கோ தகடு வாங்கச் செல்வோர், எத்தனை கிலோவாட் என்று கேட்பதோடு, தெருவில் மின்சாரம் நின்றால் இது எல்லைச் சாவியைத் திறந்து தனித்து நடக்குமா என்றும் கேட்கவேண்டும். ‘மின்கலம் சேர்த்தால் நடக்கும்’ என்பார்கள். அது போதாது. மின்கலம் இருந்தும் பின்பற்ற மட்டுமே அறிந்த இன்வெர்ட்டர்கள் விற்கப்படுகின்றன. வலையை அமைக்கத் தெரியுமா, எல்லைச் சாவி உடன் வருமா, முன்பே கூரையில் உள்ள இன்வெர்ட்டர் அதிர்வெண் உயர்வைக் கண்டு சிறிது சிறிதாக அடங்குமா என்ற மூன்றுக்கும் விடையை எழுத்தில் வாங்கிக்கொள்வது நன்று.